அடுத்தவர் காட்டுக்குள் இரண்டு நாள் நடை!

காங்கயம் பக்கம் எங்களுக்கு 12 ஏக்கர் மேட்டாங்காடு. அதில் 8 ஏக்கர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்ளவேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும், மேய்வதற்கு 20 செம்மறி. மேற்கு வேலியை ஒட்டி ஓர் இட்டேரி போகிறது. அந்த இட்டேரியில் இருந்து பிரிந்து, என் காட்டின் குறுக்கே தார் ரோட்டுக்கு ஓர் ஒற்றையடித்தடம் இருந்தது. மேக்கால வளவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் பஸ் ஏறுவதற்கு அதில்தான் நடப்பார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் டிராக்டரை விட்டு உழுது, முள்ளை வெட்டிப் போட்டு அந்தத் தடத்தை அடைத்தேன். யாரோ குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட, என் ஆட்டின் காலை அது கிழித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள். என்னிடம் யாரும் வந்து கேட்கவும் இல்லை.

இங்கிலாந்துப் பயணத்தை எழுதச் சொன்னால் சொந்தக் கதையைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். அந்த நடை முழுக்க என் கூடவே வந்தது இந்தத் தடம்தான்.

மகள் லண்டனில் செவிலியராக இருக்கிறாள். சென்ற மே மாதக் கடைசியில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ''சனி, ஞாயிறு ரெண்டு நாளும் லீவுங்கப்பா. நடக்கப் போலாமுங்களா?'' என்றாள். ஏதோ பூங்கா என்று நினைத்துத் தலையாட்டினேன். வரைபடத்தை விரித்துக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. தென் இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்தில் தொடங்கி, கிழக்கே ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரைக்கும் போகிற 160 கிலோமீட்டர் நடைபாதை அது. பெயர், சவுத் டவுன்ஸ் வே. அதன் கடைசி 29 கிலோமீட்டரை இரண்டு நாளில் நடப்பது என்று திட்டம் போட்டிருந்தாள்.

''இதெல்லாம் யாரோட காடு கண்ணு?''

''விவசாயிங்க காடுதானுங்கப்பா.''

''அப்புறம் நாம எப்படி உள்ள போறது?''

''பாதை இருக்குதுங்கப்பா. போலாம்.''

அவ்வளவு சுலபமாக அவள் சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

ரயிலடியிலேயே தொடங்கும் பாதை

சனிக்கிழமை காலை லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினோம். ஒரு மணி நேரம் சொச்சத்தில் லூயிஸ் என்கிற ஊர். அங்கே வண்டி மாறி, அடுத்த சில நிமிடங்களில் சவுத்தீஸ் நிலையத்தில் இறங்கினோம். வயலுக்கு நடுவே இரண்டு நடைமேடை மட்டும் இருக்கிற சின்ன நிலையம். பக்கத்தில் ஊஸ் ஆறு. பழைய பண்ணைக் கட்டடங்களை நடப்பவர்கள் தங்கும் விடுதியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்தே மேடு ஏறத் தொடங்குகிறது.

வழி கேட்க ஆளே தேவையில்லை. பிரிவு வருகிற இடமெல்லாம் ஒரு மரக் கம்பம். அதில் ஓக் மரத்தின் காய்ப் படம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் நடையோடு குதிரையும் சைக்கிளும் போகலாம். வரைபடத்தில் இந்தப் பாதைகளைப் பச்சைக் கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வயலின் எல்லையும் அதில் தெரிகிறது.

படல் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வழியில் பலவிதமான படல்களைப் பார்த்தேன். குதிரையில் போகிறவர் இறங்காமலே திறப்பதற்காக, தாழ்ப்பாளின் கைப்பிடியை ஆள் உயரத்துக்கு நீட்டி வைத்த படல் ஒன்று. இன்னொன்று என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. அரைவட்டமாக ஒரு மரத் தடுப்பு, அதற்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிற சின்னக் கதவு. ஓர் ஆள் உள்ளே நுழைந்து, கதவைத் தள்ளி, மறுபக்கம் வெளியேறலாம். ஆடு, மாடு எதுவும் நுழைய முடியாது. பூட்டு கிடையாது, திறந்து போட்டுவிட்டுப் போகவும் வழி இல்லை. செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். ''கோட்டையைப் பார்த்தாக்கூட இத்தனை போட்டோ எடுக்க மாட்டீங்க'' என்று மகள் சிரித்தாள்.

பனிக்குளமும் ஆட்டுக்கிடையும்

இந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. நம் ஊர் ஓடைக்கல் மாதிரி கெட்டி கிடையாது. கரும்பலகையில் எழுதினால் எழுதும். மேலே மண் ஒரு சாண் இருந்தால் அதிகம். எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். மேட்டில் ஓடையோ கிணறோ கண்ணில் படவில்லை. பாறைக்குள் இறங்கி நிற்கிற அந்த நீர்தான் பிரைட்டன் போன்ற பெரிய ஊர்களுக்குக் குடிநீர். வயலில் போடும் உரத்தின் நைட்ரேட் அந்த நீரில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, குளிர்காலத்தில் நிலத்தைச் சும்மா போடாமல் மூடுபயிர் விதைக்கும்படி இந்தப் பக்கத்து விவசாயிகளைக் குடிநீர் நிறுவனங்களே ஊக்கப்படுத்துகின்றன.

சரி, மேட்டில் மேய்கிற ஆட்டுக்குத் தண்ணீர்? இட்ஃபோர்டு குன்றின் மேல் வட்டமாக ஒரு குட்டை தெரிந்தது. இவற்றைப் 'பனிக்குளம்' என்று சொல்கிறார்கள். பெயர்தான் பனி, நிறைவது பெரும்பாலும் மழைநீரால்தான். ஆழம் குறைவாக, தட்டு மாதிரி வட்டமாக வெட்டி, களிமண்ணைக் குழைத்து மிதித்து அடியில் பூசுவார்கள். மண்புழு துளை போட்டு நீர் ஒழுகிவிடாமல் இருக்க சுண்ணாம்பு சேர்ப்பதும், களிமண் வெடிக்காமல் இருக்க வைக்கோல் பரப்புவதும் உண்டு. பிளாஸ்டிக் தாள் இல்லாத காலத்தின் பண்ணைக்குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வரப்பு மாதிரி நீளுகிற உச்சியில் நடந்தால் 217 மீட்டர் உயரத்தில் ஃபர்ல் பீக்கன். அதன் மேல் வெண்கலக் காலத்து மனிதர்களின் புதைமேடுகள் இருக்கின்றன. தெற்கே கடல். வடக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உயிர்வேலி போட்ட வயல்கள். மே மாதம் என்பதால் வேலிகளில் வெள்ளை வெள்ளையாகப் பூ. தலைக்கு மேலே வானம்பாடி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, மகள் கட்டி வந்திருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

கீழே தெரிந்த கிளைண்ட் என்கிற ஊரைக் காட்டினாள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊரில் பண்ணை வைத்திருந்த ஜான் எல்மன் என்பவர்தான் 'சவுத்டவுன்' செம்மறி இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தியவர். அந்தக் காலத்தில் பகலில் ஆடுகளை மேட்டில் மேய்த்து, இரவில் கீழே இறக்கி, வயலில் தட்டி கட்டி அடைத்து வைப்பார்கள். அடுத்த நாள் தட்டியை நகர்த்திக் கட்டுவார்கள். புழுக்கையும் சிறுநீரும் விழுந்த அந்த மண்ணில்தான் கோதுமையும் பார்லியும் விளைந்தன. நம் ஊரில் கிடை போடுவதுதான். ஓர் எழுத்து மாறவில்லை. செயற்கை உரம் வந்ததும் இங்கே கிடை குறைந்த மாதிரியே அங்கேயும் போய்விட்டது.

இன்னொன்றும் போனது. இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பிறகும் உணவு உற்பத்திக்காக இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை உழுதுவிட்டார்கள். உழாமல் தப்பிய இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை இருக்கும் என்கிறார்கள். அவை இருப்பதற்குக் காரணமே ஆடுதான். ஆடு மேயாவிட்டால் முள்ளும் புதரும் ஏறிச் சின்னச் செடிகளை மூடிவிடும். கொறங்காடு வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

''மண்ணு என்னுது, நடக்கிற உரிமை ஊரோடது!''

மாலையில் ஆல்ஃப்ரிஸ்டன் ஊரை நோக்கி இறங்கினோம். ஓரிடத்தில் எங்கள் பாதையிலிருந்து பிரிந்த ஒரு கிளைப்பாதை, கோதுமைக் காட்டின் நட்ட நடுவே நூல் பிடித்த மாதிரி போனது. இரண்டு பக்கமும் இடுப்பளவு பயிர்; நடுவில் ஒரு மீட்டருக்கு வெறும் தரை. பயிரை அவர்களே அழித்து வழி விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கோதுமை ஏக்கருக்குச் சராசரியாக 3 டன்னுக்கு மேல் விளையும். அப்படிப்பட்ட பயிரில் இந்த நீளத்துக்கு ஒரு மீட்டர் என்றால் எத்தனை கிலோ போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

படலுக்கு அந்தப் பக்கம், நாலு சக்கர பைக்கில் நாயோடு ஒருவர் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய வயது. நானும் ஆடு வைத்திருப்பவன் என்று மகள் சொன்னதும் பைக்கை அணைத்துவிட்டார். அரை மணி நேரம் பேசினோம். மகள்தான் மொழிபெயர்த்தாள்.

''உங்க பயிரை மிதிச்சுட்டுப் போறாங்களே, கோபம் வராதா?'' என்று கேட்டேன்.

''பாதை எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாலயே இருக்கு. மண்ணு என்னுது, நடக்கிற உரிமை ஊரோடது. வயலுக்குக் குறுக்க போற பாதைன்னா நான் உழலாம். ஆனா 14 நாளைக்குள்ள திரும்பச் சமன் பண்ணி, அளந்து விட்டுடணும். நடைபாதைன்னா ஒரு மீட்டர், குதிரைப்பாதைன்னா ரெண்டு மீட்டர். வயலோட ஓரத்துல போற பாதைன்னா உழவே கூடாது. நான் செய்யலைன்னா கவுன்சில் ஆளுங்க வந்து செஞ்சுட்டு எனக்கு பில் அனுப்புவாங்க'' என்றார்.

படல் செலவும் நிலத்துக்காரருடையதுதான். ஆனால் அதில் கால் பங்கைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கலாம். இன்னொரு சட்டமும் சொன்னார். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற கறவை இனக் காளை 10 மாதத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால், பாதை போகிற வயலில் அதை விடக் கூடாது. இறைச்சி இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்த்துத்தான் விட வேண்டும்.

''அப்ப உங்களுக்குத் தொந்தரவே இல்லையா?''

அவர் முகம் மாறியது. ''நாய்தான். கயிறு போடாம கூட்டிட்டு வர்றாங்க. சினை ஆட்டைத் துரத்தினா போதும், கடிக்கக்கூட வேண்டாம், குட்டி வீசிடும். போன வருஷம் ரெண்டு ஆடு போச்சு. அன்னிக்கு ராத்திரி பாதையை அடைச்சுடலாமான்னு இருந்துச்சு.''

''அடைச்சீங்களா?''

''நாயை விட்டவன் ஒருத்தன். நடக்கிறவங்க நூறு பேர். யாரை அடைக்கிறது?''

மகள் மொழிபெயர்த்து முடித்த பிறகும் நான் பேசவில்லை. உடைந்த பாட்டில்தான் நினைவுக்கு வந்தது.

சிறைக்குப் போய் வாங்கிய பாதை

இதெல்லாம் அந்த நாட்டில் தானாக வந்துவிடவில்லை. வேட்டைக்காகப் பெரிய நிலப்பிரபுக்கள் மேட்டு நிலங்களை அடைத்து வைத்திருந்த காலம் உண்டு. 1932 ஏப்ரல் 24 அன்று, வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் சுமார் 400 பேர், பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள், தடையை மீறி ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் வந்த சட்டம், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பொதுப்பாதைகளைக் கணக்கெடுத்து, சட்டப்படி செல்லும் வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. அதில் ஏறிவிட்டால் பாதை இருக்கிறதா இல்லையா என்ற சண்டைக்கே இடம் இல்லை. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதைகள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. சவுத் டவுன்ஸ் வே 1972-ல் திறக்கப்பட்டது. இந்தக் குன்றுப் பகுதி 2010-ல் தேசியப் பூங்காவானது. பூங்கா என்றாலும் விவசாயிகளை வெளியேற்றவில்லை. பெரும்பகுதி இன்றும் தனியார் விவசாய நிலம்தான். பதிவில் விட்டுப்போன பழைய பாதைகளை, நூறு இருநூறு வருடத்து வரைபடங்களில் தேடி எடுத்து விண்ணப்பம் போடுகிற தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

கடல் தின்னும் காடு

இரவு ஆல்ஃப்ரிஸ்டனில் ஒரு வீட்டு அறையில் தங்கினோம். ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் கூரை வேய்ந்த பழைய பாதிரியார் இல்லம் ஒன்று இருக்கிறது. பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, 1896-ல் முதன்முதலாக விலைக்கு வாங்கிய கட்டடம் அது. விலை 10 பவுண்டு.

ஞாயிறு காலை கக்மியர் ஆற்றின் கரையிலேயே நடந்து, காட்டு மரங்களுக்குள் ஏறி இறங்கி, எக்ஸீட் என்ற இடத்துக்கு வந்தோம். ஆறு அங்கே பாம்பு மாதிரி வளைந்து கடலுக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் 'செவன் சிஸ்டர்ஸ்'. கடலோரம் ஒன்றன்பின் ஒன்றாக மேடும் பள்ளமுமாக வெள்ளைச் சுண்ணாம்புச் செங்குத்துகள். ஏறி முடித்தால் இறக்கம், இறங்கி முடித்தால் ஏற்றம். என் முழங்கால் மூன்றாவது மேட்டிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. விளிம்பில் வேலி கிடையாது; அடியில் கடல் அரித்திருப்பதால் ஓரத்துக்குப் போகவே கூடாது என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பர்லிங் கேப் என்ற இடத்தில் வரிசையாக இருந்த கடலோரக் காவலர் வீடுகளில் சில இப்போது இல்லை. செங்குத்து இடிந்து இடிந்து கடல் உள்ளே வர, வீடுகளை ஒவ்வொன்றாக இடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரத்தில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம். 1999-ல் அந்தக் கட்டடத்தையே அப்படியே தண்டவாளம் மாதிரி அமைத்து 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். பாதையும் அப்படித்தான், விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க, நடப்பவர்களும் உள்ளே தள்ளித் தள்ளி நடக்கிறார்கள்.

162 மீட்டர் உயர பீச்சி ஹெட்டைக் கடந்தால் கீழே ஈஸ்ட்போர்ன் நகரம். அந்த நகரத்தைச் சுற்றியுள்ள குன்று நிலங்களில் வீட்டுமனை போட்டுவிடக் கூடாது என்பதற்காக, சுமார் 4,000 ஏக்கரை 1920-களின் கடைசியில் நகராட்சியே விலைக்கு வாங்கியது. நிலம் ஊருக்குச் சொந்தம், குத்தகை விவசாயிகள் பயிர் செய்கிறார்கள், பாதைகள் திறந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பண்ணைகளை விற்கலாம் என்று நகராட்சி யோசித்தபோது மக்கள் எதிர்த்தார்கள். 2017-ல் திட்டம் கைவிடப்பட்டது. சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிப் போனேன்.

புலப்படத்தில் இல்லாத தடம்

ஊருக்கு வந்த வாரமே என் சர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். இட்டேரி வண்டிப்பாதையாகக் குறித்திருக்கிறது. என் காட்டுக்குள் போன ஒற்றையடித்தடம் இல்லை. அதாவது, சட்டப்படி என்னை யாரும் கேட்க முடியாது என்பது போலத்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும், ஆனால் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். ''திறந்து விடறது பெருசில்லீங்க. நாளைக்கு உரிமை கொண்டாடுனா என்ன பண்றது?'' என்றார் மனைவி. நியாயமான கேள்வி. தெரிந்த வழக்கறிஞரிடம் போனேன். அவர் சொன்னது: 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, பக்கத்து நிலத்துக்காரர் 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, தன் உரிமையாக ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தால் அது அவருக்கு உரிமை ஆகலாம். நாம் அனுமதி கொடுத்து அவர் நடந்தால் அப்படி ஆகாது. அதனால் அனுமதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ''ஆனா ஒண்ணு. நீங்க அடைக்கறதுக்கு முன்னால அவங்க எத்தனை வருஷம் நடந்தாங்கன்னு யோசிச்சீங்களா?'' என்றும் கேட்டார். என் அப்பா காலத்தில் இருந்தே நடந்தார்கள். இங்கிலாந்திலும் பொதுப்பாதைக்கு இதே 20 வருடக் கணக்குதான்.

முள்ளை எடுத்துவிட்டேன். வேலியின் இரண்டு முனையிலும், செல்போன் படத்தைத் தச்சரிடம் காட்டி, வேல மரத்தில் அந்த அரைவட்டக் கடவைச் செய்து வைத்தேன். முதல் கடவில் இடைவெளி அதிகமாகி ஒரு குட்டி வெளியே வந்துவிட்டது. இரண்டாவதில் சரி செய்தோம். வளவுக்குப் போய்ச் சொன்னபோது பெரியவர் ஒருவர், ''மறுபடி அடைக்க மாட்டீங்கல்லங்க?'' என்று மட்டும் கேட்டார். அடைக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அவரிடமே கொடுத்தேன்.

முதல் வாரம் யாரும் அதில் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் பள்ளிக்கூடப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். கடைசிப் பையன் கதவை ஆட்டி ஆட்டி விளையாடிவிட்டுத்தான் போனான். புல்லில் தடம் இன்னும் சரியாக விழவில்லை. விழுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

நண்பர்கள் கேட்டவை

இந்த நடைக்குக் கட்டணம் உண்டா?
பாதைக்குக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ கிடையாது. ரயில், தங்குமிடம், சாப்பாடு மட்டும்தான் செலவு.

பாதையை விட்டு விலகி வயலுக்குள் போகலாமா?
பயிர் வயலில் பாதையை விட்டு விலகக் கூடாது. 2000-ம் வருடத்துச் சட்டப்படி, வரைபடத்தில் குறித்த மலை, தரிசு, மேய்ச்சல் குன்று, பொது நிலம் ஆகியவற்றில் மட்டும் விரும்பிய பக்கம் நடக்கலாம்.

நடப்பவர்களுக்கு என்ன கட்டுப்பாடு?
படல் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூட வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடி விட வேண்டும். குப்பை போடக் கூடாது. ஆடு, மாடு இருக்கும் இடத்தில் நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் என் நிலத்துப் பாதையை எப்படித் தெரிந்துகொள்வது?
சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். வண்டிப்பாதை, பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அதை உழவோ வேலி போடவோ கூடாது. பத்திரத்தில் வழித்தட உரிமை எழுதியிருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். இரண்டிலும் இல்லாத பழைய தடம் என்றால், அடைப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.